கல்லறைத் தோட்டம் காத்த காடு

இலண்டன் மாநகரின் கிழக்கிலுள்ள ஈஸ்ட் ஹாமில் என் மகளின் குடும்பம் வாழ்கிறது. தமிழர் பலர் குடியேறியுள்ள பகுதி அது. கடைத்தெருவில் முருங்கைக்காயும் கருவாடும் கிடைக்கும். அங்கிருந்து வடக்கே அரைமணி நேரம் நடந்தால், வீடுகளின் வரிசை முடிந்து பெரும் புல்வெளியொன்று விரிகிறது. வான்ஸ்டெட் பிளாட்ஸ் என்பது அதன் பெயர். சிறுவர் பந்தாடுகின்றனர், முதியோர் உலவுகின்றனர், வானம்பாடிகள் புல்லிடையே கூடு கட்டுகின்றன. ஒவ்வோர் அடி நிலமும் பொன்விலை பெறும் நகரில் இவ்வெளி எவ்வாறு தப்பியது என்று வியந்து, அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இது எப்பிங் காட்டின் தென்முனையாம். இங்கிருந்து எப்பிங் ஊர்ப்புறம் வரை ஏறத்தாழ 12 மைல் நீளும் அக்காட்டின் பரப்பு ஏறக்குறைய 6,000 ஏக்கர். முற்காலத்தில் அரசர்கள் மான் வேட்டையாடிய இடம். ஆயினும் சுற்றுப்புறத்தார்க்கு மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் வழிவழி உரிமைகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் நகரம் பெருகவே, நிலக்கிழார்கள் காட்டை வேலியிட்டு அடைக்கலாயினர்.

லவுட்டன் என்னும் ஊரில் அவ்வாறு அடைத்தவர் ஜான் விட்டேக்கர் மெயிட்லண்ட். நிலக்கிழார் மட்டுமல்லர், அவ்வூர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் குருவும் அவரே! தாமஸ் வில்லிங்கேல் என்னும் விறகுவெட்டி அவருக்குப் பணியவில்லை. புனித மார்ட்டின் திருநாளாகிய நவம்பர் 11 அன்று நள்ளிரவில் முதற்கிளையை வெட்டினால்தான் ஊராரின் உரிமை நிலைக்கும் என்பது அங்குள்ள மரபு. அம்மரபை அவர் விடாது காத்தார். 1866இல் அவர் குடும்பத்தார் சிறை புகுந்தனர். வழக்கு நீண்டது, தீர்ப்பைக் காணாமலே 1870இல் அவர் இறந்தார். அவரோடு வழக்கும் மடிந்தது.

பிறகு நிகழ்ந்ததுதான் விந்தை. இலண்டனின் மையத்திலுள்ள பழைய நகரை ஆளும் மாநகராட்சிக்கு, எல்லைக்கு வெளியே கிடந்த இக்காட்டில் என்ன உரிமை? நகரத்து ஆலயங்களைச் சுற்றியிருந்த கல்லறைகள் நிரம்பிவிட்டமையால், வான்ஸ்டெட் பிளாட்ஸை அடுத்த பண்ணை நிலம் ஒன்றை வாங்கி, 1856இல் அம்மாநகராட்சி ஒரு கல்லறைத் தோட்டத்தைத் திறந்திருந்தது. அந்நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்து வந்தது. அவ்வுரிமையோ ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்குவதன்று. காடு முழுமைக்கும் உரியது. அதனைக் காட்டியே 1871இல் மாநகராட்சி வழக்குத் தொடுத்தது. 1874இல் வென்றது. இறந்தோருக்கென வாங்கிய மண், இருப்போர் உலவும் வெளியை மீட்டுத் தந்தது.

1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் அதனை மாநகராட்சியின் காவலில் ஒப்படைத்தது. வேலி கூடாது, கட்டடம் கூடாது, காட்டின் இயற்கைத் தோற்றம் மாறலாகாது, மக்கள் என்றும் அங்கே இளைப்பாறலாம் என்று விதித்தது. 1882 மே 6 அன்று விக்டோரியா அரசியார் நேரில் வந்து காட்டை மக்களுக்கு உரித்தாக்கினார்.

ஆனால் அதே சட்டம் விறகு வெட்டும் உரிமையைப் பறித்தது. லவுட்டன் ஊராருக்கு ஈடாகத் தந்த தொகையிலிருந்து, 1884இல் 'லாப்பிங் ஹால்' என்னும் பொது மன்றம் எழுந்தது. மன்றம் நல்லதே; எனினும் என் மனம் ஒப்பவில்லை. சிறுமலை அடிவாரத்தில் என் அன்னை சுள்ளி பொறுக்கி எங்களுக்கு உலை வைத்தவர். ஒருநாள் வனக்காவலர் ஒருவர் அரிவாளைப் பிடுங்கிக்கொள்ள, வெறுங்கையோடு அவர் வீடு திரும்பியதை நான் மறக்கவில்லை. மன்றம் கட்டித் தந்திருந்தால் அன்றிரவு எங்கள் அடுப்பு எரிந்திருக்குமா?

வெட்டு நின்றதும் மரங்களும் மாறின. பல நூற்றாண்டுகளாகக் கிளை கழிக்கப்பட்டு வந்த ஓக், பீச், ஹார்ன்பீம் மரங்களின் தலைகள் தடித்துக் கனத்தன. நிழல் அடர்ந்து தரைச்செடிகள் குன்றின. பாரம் தாங்காமல் சில மரங்கள் பிளந்தன. ஆகவே அண்மைப் பதிற்றாண்டுகளில் பழைய மரங்களைத் தேர்ந்து, முன்போல் மீண்டும் கிளை கழித்து வருகின்றனர். வில்லிங்கேலின் உறவினர் சிறை சென்ற அதே வேலையை இன்று காட்டின் காவலரே ஆள் வைத்துச் செய்விக்கின்றனர்.