133-ம் எண் டிராம்



லூயி புனுவல் என்றதும் நம் பிள்ளைகளில் சினிமா பைத்தியங்கள் ‘லாஸ் ஒல்விதாதோஸ்’, ‘விரிதியானா’ என்று ஆரம்பிப்பார்கள். ஸ்பெயினில் பிறந்து மெக்சிகோவில் குடியேறியவர், 1951-ல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு வாங்கியவர். நான் சொல்ல வந்தது அவர் 1954-ல் கொடுத்த சின்னப் படம் ஒன்றைப் பற்றி. ‘லா இலுசியோன் வியாஹா என் திரான்வியா’. கனவு டிராமில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெரிய படங்களோடு இதைச் சேர்க்க மாட்டார்கள். சேர்க்கவும் வேண்டாம். கதை அங்கங்கே தொய்கிறது, காதல் பகுதி ஒப்புக்குத்தான்.

மெக்சிகோ நகரத்து டிராம் ஊழியர்கள் இருவர். தாங்கள் பழுது பார்த்த 133-ம் எண் வண்டியை உடைத்துப் போடப் போகிறார்கள் என்று தெரிந்து உடைந்துபோகிறார்கள். அன்றிரவு தெருவில் ஆதாம் ஏவாள் நாடகம், கூடவே பீர். கடைசியாக ஒரு சுற்று என்று வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். வழியெல்லாம் ஜனங்கள் ஏறிக்கொள்ள, திருப்பிக் கொண்டுபோய் விட முடியவில்லை. கசாப்புக் கூடத்து ஆட்கள் இறைச்சியைத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருக்க, அதே வண்டியில் சாமி சிலையோடு இரண்டு பக்தைகள்! இந்தக் காட்சிக்காகவே பார்க்கலாம். காசு வேண்டாம் என்றதும் அமெரிக்க அம்மா ஒருவர் இது கம்யூனிசமோ என்று சந்தேகப்படுவது இன்னொரு வேடிக்கை. (நம் சென்னையில் டிராம் நின்றதும் அந்தக் காலத்தில்தான், 1953-ல்.)

என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் பினியோஸ். அதே கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வண்டியில் ஏறியவர் அங்கே நடக்கும் முறைகேடுகளையெல்லாம் கணக்கெடுத்துக்கொண்டு மேலதிகாரிகளிடம் புகார் செய்யப் போகிறார். வண்டியைக் கடத்திவிட்டார்கள் என்று அவர் சொன்னதில் பொய்யே கிடையாது. ஆனால் அதற்குள் 133 ஷெட்டுக்குத் திரும்பிவிடுகிறது, யாரும் அவரை நம்புவதில்லை. புனுவல் அவரை வைத்துச் சிரிக்கிறார். காட்டிக்கொடுப்பவர் ஆயிற்றே, நமக்கும் சிரிப்பு வருகிறது. எனக்கு அது பாதியில் நின்றுவிட்டது.

பள்ளிப் பக்கம் போகும்போது முதல் மணி இரண்டு நிமிடம் பிந்தினால் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. சத்துணவு வரிசை கோணினால் சத்தம் தொண்டை வரைக்கும் வருகிறது. உள்ளே போவதில்லை. போனால் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகச் சிரிப்பார்கள்.

அந்த இரண்டு இளைஞர்களும் பினியோஸும் ஒரே கட்சி என்றுதான் எனக்குப் படுகிறது. மூவருக்குமே வண்டியை விட மனசில்லை. அவர்களால் ஓட்டிக்கொண்டு போக முடிகிறது. கிழவருக்கு விதிமுறை ஒன்றுதான் மிச்சம்.

கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சப்டைட்டில் வேகமாக ஓடும், என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பினியோஸ் வரும்போது அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.