தெரிந்தே சொன்ன பொய்

பிராக் நகரத்தில் வெளிநாட்டுக்காரர்களாகப் பார்த்துப் பிடித்துப் பணம் பறிக்கிறார்கள் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், செக் நாட்டுக்குப் புறப்பட்டவர்களுக்குப் புத்திமதியாகவும் சொன்னேன். அது பொய். கேட்டவர்கள் நம்பினார்கள். அவர்களுக்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அங்கே செக் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் வேலைக்குப் போய்விடுவார். எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை எழுபதைத் தாண்டிய அவருடைய தாயார் ஏற்றுக்கொண்டார். அவரை நான் அம்மா என்றே கூப்பிட்டேன். வாசலில் நான் காலணியைக் கழற்றியதைப் பார்த்து முகம் மலர்ந்து, வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து வைத்தார். வெளியில் போட்ட காலணியோடு உள்ளே நடப்பது அங்கேயும் மரியாதைக் குறைவுதான்.

அரைகுறை ஆங்கிலத்திலும் கைச்சாடையிலும் அவர் எனக்குச் சொல்லித் தந்தது கொஞ்சமில்லை. சின்னக் கடைக்குள் நுழைந்தாலும், லிஃப்டில் ஏறினாலும், மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் அறைக்குள் போனாலும் முதலில் ‘தோப்ரீ தென்’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். புறப்படும்போது சொல்லிக்கொண்டு புறப்பட வேண்டும். பீர்க் கடையில் மேசைமேல் வைக்கும் துண்டுத் தாளில் ஒவ்வொரு குவளைக்கும் ஒரு கோடு விழும். அதுதான் கணக்கு, தொலைத்துவிடக் கூடாது. இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டி அநேகமாக எல்லா உணவகத்திலும் கிடைக்கும்.

பயணச்சீட்டைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். பிராக் மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. டிராமில் நடத்துநர் இல்லை. நேரக் கணக்கில் சீட்டு வாங்கி, முதல் வண்டியில் ஏறும்போதே மஞ்சள் நிறப் பொறியில் நுழைத்து நேரத்தைப் பதித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் முடியும்வரை டிராம், மெட்ரோ, பஸ் என்று மாறி மாறிப் போகலாம். பதிக்காத சீட்டு செல்லாது. எந்த முனையை நுழைப்பது என்பதைக்கூட அம்மா விரலால் தொட்டுக் காட்டினார். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே கட்டணமில்லை. அவருக்குச் சீட்டே தேவைப்படவில்லை. எனக்காகவே பாடம் நடத்தினார்.

எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததும், பதிக்காமல் வைத்திருந்தால் இதே சீட்டு நாளைக்கும் ஆகுமே என்றுதான் தோன்றியது. அப்படியே செய்தேன். யாரும் கேட்கவில்லை. துணிச்சல் வந்துவிட்டது.

ஒருநாள் கோட்டைக்குப் போகும் 22ஆம் எண் டிராமில் ஏறினோம். கூட்டத்தில் நான் பின்கதவு வழியாக ஏறினேன். பதித்தாயிற்றா என்று அம்மா சைகையில் கேட்டார். ஆயிற்று என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆற்றைக் கடந்த பிறகு, சாதாரண உடுப்பில் இருந்த ஒருவர் உள்ளங்கையில் வைத்திருந்த வில்லையைக் காட்டிச் சீட்டு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதில் ஓர் எண்கூடப் பதிந்திருக்கவில்லை.

“நான் வெளிநாட்டுக்காரன். இதைப் பதிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை” என்றேன்.

அந்த அளவு ஆங்கிலம் அம்மாவுக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பரிசோதகரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பரிசோதகர் முடியாது என்று தலையசைத்தார். அம்மா கைப்பையைத் திறந்து, நோட்டுகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவி எண்ணி, அபராதத்தைக் கட்டினார். என்னிடம் பணம் இருந்தது. எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என்ன சொன்னார் என்பது இரவில் நண்பர் மூலம்தான் தெரிந்தது. விருந்தாளிக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது தன் தப்பு என்று சொல்லியிருக்கிறார். நண்பரும் அதை நம்பி, தாய்க்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தார். பரவாயில்லை என்று பெரிய மனதோடு சொன்னேன். அபராதத்துக்குப் பயந்து சொன்ன பொய்யைவிட இதுதான் பெரிய குற்றம்.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகளின் டாங்கிகள் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அம்மா. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழும்வரை, அதிகாரியிடம் போய்ச் சேரும் ஒரு வார்த்தையால் வேலையும் படிப்பும் பறிபோன காலத்தில் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர் அதிகாரியின் முன்னால், தான் செய்யாத தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அது யாருக்காக என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஊர் திரும்பியதும் குற்ற உணர்ச்சியை மறைக்கத்தான் பணம் பறிக்கும் கதையைப் பரப்பினேன். அங்கே ஏமாற்றே இல்லை என்று சொல்ல வரவில்லை. சுற்றுலாப் பகுதிகளில் சில நாணய மாற்றுக் கடைகள் அநியாய விலையில் செக் நாணயமான கொருனா தருவதுண்டு; தெருவில் வந்து பணம் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே கூடாது. ஆனால் அந்த நாடே 2019இல் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை, 3 மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் ரத்து செய்துகொள்ளலாம். ஏமாந்தவருக்கு இப்படி வழி செய்து வைத்திருக்கும் நாட்டைத்தான் கொள்ளைக்கார நாடு என்றேன்.

முகம் கொடுத்துப் பேசாத மனிதர்கள் என்றும் சொன்னேன். கடைக்குள் நுழைந்து வணக்கம் சொல்லாமல், வேண்டியதை விரலால் சுட்டிவிட்டுக் காசை வைத்து வந்தவன் நான். தமிழறிஞர் கமில் சுவெலபில் பிறந்தது பிராக்கில்தான். நம் மொழியைக் கற்று, நம் இலக்கியத்தை உலக அறிஞர்களிடம் கொண்டுசேர்த்தவர் அவர். அந்த ஊருக்குப் போன தமிழன் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

நண்பருக்கும் அம்மாவுக்கும் எல்லாவற்றையும் எழுதி, பணத்தையும் அனுப்பிவிட்டேன். பணம் அபராதத்தைத்தான் ஈடுகட்டும். அம்மாமேல் நான் போட்ட பழியை இப்படி ஊரறியச் சொல்லித்தான் இறக்க வேண்டும்.

செக் நாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: உள்ளே நுழையும்போது வணக்கம் சொல்லுங்கள். சீட்டில் நேரத்தைப் பதியுங்கள். மறந்துபோய் மாட்டிக்கொண்டால் அபராதத்தை உங்கள் பையிலிருந்து எடுத்துக் கட்டுங்கள். தெரிந்துகொண்டே, யாரும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்லித் தந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.