விலா எலும்பு எங்கே?

2009 ஆம் ஆண்டிலே மாணவர்களுக்கான பூப்பந்தாட்டப் போட்டியொன்றில் சேர்விஸ் மத்தியஸ்தராக என்னை அமர்த்தியிருந்தார்கள். ஆட்டத்தைத் தொடக்குபவன் முறைப்படி பந்தை அடிக்கின்றானா என்று வலையோரத்தில் இருந்து பார்ப்பதொன்றே என் கடமை. எளிய கடமையென்று எண்ணினேன்.

இறுதியாட்டத்தின் மூன்றாவது செற். பத்தொன்பதுக்கு இருபது. பின்தங்கியிருந்தவன் கட்டையான ஒரு பையன். அவன் பந்தைத் தட்டினான். நான் ‘தவறு’ என்று கையை உயர்த்தினேன். ஆட்டம் முடிந்தது. அவன் கோபிக்கவில்லை. என்னருகே வந்து, “சேர், என் விலா எலும்பு எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான்.

கேள்வி குறும்பன்று, அக்காலச் சட்டமே அதுதான். மட்டை பந்தைத் தொடும் கணத்தில் முழுப்பந்தும் ஆட்டக்காரனின் இடைக்குக் கீழே இருத்தல் வேண்டும். இடையாவது, கடைசி விலா எலும்பின் அடிமட்டத்திலே உடலைச் சுற்றியோடும் கற்பனைக் கோடு! தொளதொளத்த சட்டைக்குள் அக்கோட்டை நான் எங்கே கண்டேன்? கண்டதாக எண்ணினேன், அவ்வளவே.

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம், பர்மிங்ஹாமில் நடந்த அகில இங்கிலாந்துப் போட்டியிலே புதிய விதியொன்றைப் பரீட்சித்தார்கள். விலா எலும்பு போயிற்று, தரையிலிருந்து 1.15 மீற்றர் உயரமே எல்லாருக்கும் எல்லை. அளப்பதற்கு ஒரு கருவியும் வந்தது. மின்சாரமோ சக்கரமோ இல்லை. ஒரு தாங்கியிலே ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபுகும் இரு தகடுகள். இரண்டிலும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு கோடு. இரு கோடுகளும் ஒன்றாய்த் தெரியும்படி மத்தியஸ்தர் குனிந்து நோக்கினால், அவருடைய கண்ணும் சரியான உயரத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. முதலில் பார்ப்பவனையல்லவா திருத்துகின்றது! நெட்டையர்களுக்குத்தான் சங்கடம். ஆறடிக்கு மேல் வளர்ந்த டென்மார்க் வீரர் விக்டர் அக்செல்சனுக்கு இவ்விதி சிறிதும் பிடிக்கவில்லை.

ஆனால் தகடு உயரத்தைத்தான் காட்டும், கணத்தைக் காட்டாது. பெரிய போட்டிகளிலே பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கமராக்களிடம் முறையிடலாம். சேர்விஸ் தவறுக்கு அந்த முறையீடு இல்லை. அங்கே இன்றும் ஒரு மனிதக் கண்ணே தீர்ப்புச் சொல்கின்றது.

ஆசை விடவில்லை. செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கும் கைத்தொலைபேசியைக் கொண்டு நானே முயன்றேன். சுவரிலே 1.15 மீற்றரில் சுண்ணக்கோடு இழுத்தேன். முதல் நாள் ஏறக்குறைய எல்லா அடியுமே தவறாகத் தெரிந்தன. பிறகுதான் விளங்கிற்று: தொலைபேசியை ஒரு வாங்கிலின்மேல் வைத்திருந்தேன். தாழ்ந்த இடத்திலிருந்து நோக்கினால் பந்து சுவர்க்கோட்டுக்கு மேலேதான் தோன்றும். சரியான உயரத்தில் நிறுத்தியபின்பும், மட்டை பந்தைத் தொடும் கணம் சில வேளைகளில் இரு படங்களுக்கிடையே ஒளிந்துகொண்டது.

சென்ற ஆண்டு அந்தப் பையன், இப்போது தந்தை, தன் மகளை விளையாட அழைத்து வந்திருந்தான். என் ஏற்பாட்டைக் கண்டு சிரித்து, மட்டையை வாங்கி, அன்றைய பாணியிலேயே ஒன்று தட்டினான். படத்தை நிறுத்திப் பார்த்தோம். பந்து கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

“இன்றைக்கென்றால் சரிதானே, சேர்?” என்றான்.

“இன்றைக்குச் சரி,” என்றேன். அன்றைக்கு எப்படி என்று அவன் கேட்கவில்லை.