சுகப்பிரசவம் என்றொரு சொல்

எங்கள் இருவரின் பேறுகாலங்களுக்கும் இடையே பத்தாண்டுகள். மூத்தவளுக்கு 2009-இல் புறநகரின் அரசு மருத்துவமனை ஒன்றில் சுகப்பிரசவம். இளையவளுக்கு 2019-இல் அம்பத்தூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சிசேரியன். உறவினரின் வாய்க்கணக்கில் மூத்தவள் கொடுத்துவைத்தவள், இளையவள் பாவம். அந்தக் கணக்கு எங்கள் அனுபவத்தோடு பொருந்தவில்லை என்பதை ஒருவரிடம் ஒருவர் ஒப்புக்கொள்ளவே பல வருடங்கள் பிடித்தன. மடியில் நலமாகக் குழந்தை இருக்கையில் குறை சொல்பவள் நன்றி கெட்டவள் என்றொரு எழுதாச் சட்டம் இருக்கிறது அல்லவா?

மூத்தவள் படுத்திருந்த அறையில் அன்று ஆறு பேர் வலியில் இருந்தனர், செவிலியர் ஒருவர். பேறுகாலத்தில் பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கும் ஏற்பாடு தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் கூட்டம் அதிகமென்று அம்மாவை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். வலியைத் தூண்டும் மருந்து சலைனில் சேர்க்கப்பட்டிருப்பதை, வலி திடீரென்று முறுக்கியபோதுதான் அவள் ஊகித்தாள். கத்தியதற்கு விழுந்த வசவு இங்கே எழுதத் தக்கதன்று. கடைசியில் ஒரு கத்தரிப்பு, பிறகு தையல். எத்தனை தையல் என்று கேட்டாள். “அதெல்லாம் உனக்கெதுக்கும்மா? குழந்தை நல்லாருக்கு இல்ல?” என்று பதில் வந்தது. குழந்தை மூன்று கிலோ. ஏட்டில் ‘சுகப்பிரசவம்’ என்று எழுதினார்கள். உட்கார முடியாமல் கழிந்த ஆறு வாரங்களை எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை. அந்தச் செவிலியரை நாங்கள் வெறுக்கவில்லை. ஆறு கட்டில்களுக்கு இரண்டே கைகள்.

இளையவளுக்கு வாய்த்த இரவு வேறு. பணியிலிருந்த செவிலியர் நாகர்கோவில்காரர், ஐம்பதை நெருங்கியவர். ஒவ்வொரு வலிக்கும் இடுப்பை அழுத்திவிட்டார், நடக்கச் சொன்னார், கூடவே நடந்தார். விடியுமுன் குழந்தையின் இதயத்துடிப்பு சரியத் தொடங்கியது. அழைக்கப்பட்ட மருத்துவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பாரும்மா, துடிப்பு குறையுது. இன்னும் காத்திருக்கலாம்னு எனக்குத் தோணலை. உனக்கு என்ன கேக்கணுமோ கேளு.” இரண்டு நிமிடங்கள்தாம். அவள் இரண்டு கேள்விகள் கேட்டாள், பதில் கிடைத்தது, தலையசைத்தாள். வயிற்றில் தழும்பு உண்டு. அந்த இரவைப் பற்றி அவளுக்கு மனத்தாங்கல் இல்லை.

எங்கள் குழப்பத்துக்கு ஓரளவு விடை தந்தது கனடாவின் எல்லன் ஹாட்னெட் 2002-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. பேறுகால அனுபவத்தில் ஒரு பெண் கொள்ளும் திருப்தியை வலியின் அளவோ மருத்துவத் தலையீடோ முதன்மையாகத் தீர்மானிப்பதில்லை என்கிறார் அவர். அவள் என்ன எதிர்பார்த்தாள், எவ்வளவு ஆதரவு கிடைத்தது, கவனித்தவர்களோடு உறவு எப்படியிருந்தது, முடிவுகளில் அவளுக்குப் பங்கு இருந்ததா என்பவையே முன்னிற்கின்றன.

இங்கே எங்களுக்கே ஓர் ஐயம் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. இளையவளின் அறுவை தவிர்க்க முடியாததுதானா? எங்களுக்கு விளங்கவில்லை. திருப்தியாக இருப்பவள் நியாயமாக நடத்தப்பட்டவளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிசீலியா வான் ஹோலன் 1990களில் தமிழகத்தில் தங்கி ஆராய்ந்து, 2003-இல் வெளியிட்ட நூலிலும் இந்தச் சிக்கல் வருகிறது. வலி கூடினால் சக்தி கூடும் என்று நம்பி, வலியைத் தூண்டும் மருந்தை விரும்பி ஏற்ற ஏழைப் பெண்களை அவர் சந்திக்கிறார். அதே பெண்கள் பிரசவ அறையின் ஏச்சுக்கு அஞ்சியதையும் பதிவுசெய்கிறார்.

எங்கள் பாட்டி அம்மாவைப் பெற்றது திருநின்றவூரில், வீட்டில், மருத்துவச்சியின் கையில். அதைப் பொற்காலமாக்க எங்களால் ஆகாது. பாட்டி பெற்ற எழுவரில் மூவர் தங்கவில்லை. கூலியாக நெல் வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போன அந்த மருத்துவச்சிக்கு அந்த வீட்டில் வேறு மரியாதையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் அவர் கடைசிவரை கூடவே இருந்தார் என்று பாட்டி சொல்வதுண்டு. அந்த ஒன்றைப் பயிற்சியோடும் மருத்துவமனையின் பாதுகாப்போடும் சேர்க்கலாகாதா? 2018 டிசம்பரில் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், செவிலியர்க்குப் பதினெட்டு மாதப் பேறுகாலப் பயிற்சி தந்து, சிக்கலற்ற பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடச் சொல்கிறது. தெலங்கானாவின் கரீம்நகரில் 2017-லேயே இத்தகைய பயிற்சி தொடங்கியது. பேறுகாலச் செவிலியரே தொடர்ந்து கவனிக்கும் முறையைப் பற்றி ஜேன் சாண்டல் குழுவினர் 2016-இல் 15 ஆய்வுகளை, 17,674 பெண்களைத் தொகுத்துப் பார்த்தனர். கத்தரிப்பு குறைந்திருந்தது, சிசேரியனில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை, திருப்தி பெரும்பாலும் கூடுதல். நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் குழந்தையை ஏந்துவது பெரும்பாலும் செவிலியரின் கைதான். அவருக்கு அதற்கான பெயரும் இல்லை, ஒருத்தியோடு இருக்க நேரமும் இல்லை.

இளையவள் வீடு திரும்பிய நாளில் பில் கட்டுமிடத்தில் ஒரு தாள் நீட்டினார்கள். அறைச் சுத்தம், உணவு, வரவேற்பு என்று வரிசையாகக் கட்டங்கள். அவள் கணவர் நின்றபடியே எல்லாவற்றிலும் ‘மிகவும் திருப்தி’ என்று குறியிட்டார். சக்கர நாற்காலியில் இருந்தவளிடம் யாரும் தாளைக் காட்டவில்லை. அந்த நாகர்கோவில்காரரின் பெயரை எழுதுவதற்கு அதில் இடமிருந்ததா என்று அவளுக்கு இன்றும் தெரியாது.

மூத்தவளுக்கு அப்படியொரு தாளும் வரவில்லை. அவள் மகள் பதினாறைக் கடந்துவிட்டாள். சென்ற மாதம் ஒரு மாலை, “நான் பொறந்தப்ப உனக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?” என்று கேட்டாள். “வலி பரவாயில்லடீ,” என்று தொடங்கிய மூத்தவள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து மீதியைச் சொன்னாள். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். வராந்தாவில் நின்றிருந்த அவருக்கும் அதெல்லாம் புதிது.