இந்த வருஷம் சனி சரியில்லை!

டெலஸ்கோப் வாங்க வேண்டும் என்கிற ஆசை மனுஷனுக்கு எந்த வயதிலும் வரலாம். எனக்கு வந்தது முப்பத்து நாலாவது வயதில், அதுவும் மாசக் கடைசியில். 'பி.காம். படித்தவன் செய்கிற காரியமா இது?' என்று கேட்காதீர்கள். பற்று, வரவு என்று குனிந்தே கிடந்த தலை ஒருநாள் மொட்டைமாடியில் நிமிர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

முதலில் வாங்கியதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அட்டைப்பெட்டியின் மேல் சனி கிரகம் பளபளவென்று கலரில் இருந்தது. '675 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று போட்டிருந்தது. விலை ஆறாயிரத்து ஐந்நூறு. உள்ளே 60 மில்லிமீட்டர் கண்ணாடியும், போலியோ வந்த மாதிரி மூன்று கால்களும் இருந்தன. குழாய் மேல் கொசு உட்கார்ந்தால் நிலா ஒரு ஆட்டம் ஆடும். கொசுவை விரட்டினால் நிலாவே காணாமல் போய்விடும். நாலாவது நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாடிக்கே வந்து, "சார், எதிர் ஃபிளாட்ல கொஞ்சம் வருத்தப்படறாங்க..." என்று இழுத்தார். எதிர் ஃபிளாட் ஜன்னலைக்கூட அதில் ஒழுங்காகப் பார்க்க முடியாது என்ற உண்மையை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், முயற்சி செய்தேன் என்று ஆகிவிடாதா?

இதற்குள் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். வாங்கின ஜோரில் கும்பகோணத்துக்குப் போன் போட்டு மாமனாரிடம் பீற்றிக்கொண்டுவிட்டேன். அவர் கும்ப ராசி. அஞ்சு வருஷமாக ஏழரை நாட்டுச் சனி. சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு போடுகிறவர். "மாமா, சனி பகவான் மோதிரம் போட்டிருப்பார். நீங்க மெட்ராஸ் வந்தா நேர்லயே காட்டறேன்!" என்றேன். "அப்படியா மாப்பிள்ளை? இத்தனை நாளா விளக்குப் போடறேன், ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்துட்டா தேவலை" என்றார் அவர். குரலில் விளையாட்டே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாணியம்பாடியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிற நண்பன்தான் வழி சொன்னான். "ஏன்டா, ஆசியாவிலேயே பெரிய டெலஸ்கோப்புகள்ல ஒண்ணை எங்க ஊர் மலைல வச்சிருக்கான். நீ என்னடா ஆறாயிரத்தை வச்சுக்கிட்டு அழுவுற? கிளம்பி வா!"

கிளம்பினேன். 2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. சென்னையிலிருந்து வாணியம்பாடிக்கு ரயில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு காற்றில் பிரியாணி வாசனை, அடுத்த காற்றில் தோல் ஷாப்பு வாசனை. முதலாவதை நம்பிச் சாப்பிட்டுவிட்டு, நண்பனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன். ஆலங்காயம் டீக்கடையில் டி.வி.யைச் சுற்றி ஒரே கூட்டம். அன்றைக்கு மத்திய பட்ஜெட். பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி கிடையாது என்று நிதியமைச்சர் அறிவித்துவிட்டாராம். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பிரச்னை என்றைக்குமே இருந்ததில்லை. டீயைக் குடித்துவிட்டு மலையேறினோம்.

ஜவ்வாது மலை ஊட்டி மாதிரி பகட்டு காட்டுகிற மலை இல்லை. காடும் சரிவும் சாமை விளைகிற சின்னச் சின்னக் கொல்லைகளுமாக, தன் பாட்டுக்கு இருக்கும். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான். இதைவிட உயரமான மலைகள் நம்மிடம் எத்தனையோ இருக்க, ஏன் இங்கே வந்து உட்கார்ந்தார்கள்? விஷயம் இருக்கிறது. ஊர்களின் விளக்கு வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும். அதோடு, பூமத்திய ரேகைக்குப் பக்கமாக, பன்னிரண்டரை டிகிரியில் இருப்பதால், வடக்கத்திய ஆராய்ச்சி நிலையங்களுக்கு எட்டாத தென்வானமும் இங்கே எட்டும். இதையெல்லாம் யோசித்து இடத்தைப் பிடித்தவர் வைணு பாப்பு. அமெரிக்காவில் ஹார்வர்டில் மாணவராக இருக்கும்போதே, 1949ல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். அதற்குப் பெயரே பாப்பு-பாக்-நியூகிர்க். அப்படிப்பட்டவர் 1960களின் கடைசியில் இந்தக் காட்டில், உள்ளூரிலேயே செய்த 38 செ.மீ. டெலஸ்கோப் ஒன்றை வைத்துக்கொண்டு கடை திறந்தார். 1972ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று உலகம் கண்டுகொண்டபோது, அதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பெரிய கோபுரத்துக்குள் நுழைந்ததும் சத்தம் தானாகவே அடங்கிவிடுகிறது. கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு குளிர்ச்சி. நடுவில் நிற்கிறது, 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைச் சுமந்துகொண்டு. கண்ணாடியைத் தேய்த்ததிலிருந்து முழுக்க நம்மவர்கள் வேலை. பாப்பு இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1982ல், ஐம்பத்தைந்து வயதில் போய்விட்டார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து, பாப்பு பெயரையே வைத்துவிட்டுப் போனார்.

"இதுல நாங்க கண்ணை வச்சுப் பார்க்கலாமா?" என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன்.

"இதுல யாருமே கண்ணை வச்சுப் பார்க்கறதில்லை தம்பி. கேமராதான். படம் கம்ப்யூட்டருக்குப் போயிடும்" என்றார் சுற்றிக் காட்டியவர்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பெரிய வீட்டைக் கட்டிவிட்டு ஜன்னல் வைக்காமல் விட்ட மாதிரி.

ஆனால் பொதுஜனத்துக்கென்று ஒரு 6 அங்குல டெலஸ்கோப் வைத்திருந்தார்கள். இருட்டினதும் அங்கே வரிசை. அன்றைக்கு மேற்கே பிறை நிலாவும் சுக்கிரனும் ஒட்டி நின்றன. உச்சியில் வியாழன், கிழக்கே சிவப்பாகச் செவ்வாய். சென்னையில் வானம் என்றால் எண்ணி முப்பது நட்சத்திரம் தேறும். இங்கே எண்ணுகிற எண்ணமே வரவில்லை.

டெலஸ்கோப் பக்கத்தில் மங்கி கேப் போட்ட ஒரு பெரியவர். பேச்சுக் கொடுத்தேன். என் 675 மடங்கைச் சொன்னதும் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. "மடங்கைப் பார்த்து வாங்கக் கூடாது சார், வாயைப் பார்த்து வாங்கணும்" என்றார். வாய் என்றால் கண்ணாடியின் விட்டம். டெலஸ்கோப் என்பது வெளிச்சம் பிடிக்கிற அண்டா. நம் கண்மணி இருட்டில் விரிந்தால் 7 மி.மீ. இருக்கும். 130 மி.மீ. கண்ணாடி அதைப்போல் 340 மடங்குக்கு மேல் வெளிச்சம் பிடிக்கும். பி.காம். பாஷையில் சொன்னால், வெளிச்சம்தான் முதல். மடங்கு என்பது அந்த முதலை நம்பி வாங்குகிற கடன். விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு பங்குதான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. என் 60 மி.மீ. தாங்குவது 120. மீதி ஐந்நூற்றுச் சொச்சமும் திவால்!

"அடுத்தது கால். கால் ஆடினா கண்ணாடி தங்கத்துல இருந்தும் பிரயோஜனம் இல்லை."

என் முறை வந்தது. முதலில் நிலா. ஒளியும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் ஒவ்வொரு பள்ளமும், நகத்தால் தடவிப் பார்க்கலாம் போல. பிறகு வியாழன். பட்டை போட்ட ஒரு சின்னக் கோலிக்குண்டு, பக்கத்தில் மூக்குத்திக் கற்கள் மாதிரி அதன் நிலாக்கள். கடைசியில் மிருகசீரிஷத்துக் கூட்டத்தில், வேட்டைக்காரன் இடுப்புக்குக் கீழே, வாயால் ஊதிவிட்ட புகை மாதிரி ஒரு திட்டு. அங்கே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்றார் பெரியவர். பின்னால் நின்ற குழந்தை "அங்கிள்..." என்று சட்டையைப் பிடித்து இழுக்கும்வரை நான் நகரவில்லை.

"சனி?" என்றேன்.

"மரத்துக்குப் பின்னால போயிட்டார் சார். போனாப் போகட்டும், இந்த வருஷம் சனி சரியில்லை" என்றார்.

விஞ்ஞான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு ஜோசியம் பேசுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

(போக விரும்புகிறவர்களுக்கு: சனிக்கிழமைதான் பார்வையாளர்களுக்கு. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி மலையிறங்க பஸ்ஸை நம்பாதீர்கள். ஸ்வெட்டரை நம்புங்கள்.)

ஊர் திரும்பி ஒரு வாரம் கணக்குப் போட்டேன். கிடைத்த விடை: 130 மி.மீ. மேஜை டாப்ஸோனியன். குழாய்க்கு முக்காலி கிடையாது. பீரங்கி மாதிரி ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, கையால் தள்ளினால் திரும்பும். ஆடவே ஆடாது. இந்த அமைப்பைப் பிரபலமாக்கிய ஜான் டாப்ஸன் யார் தெரியுமோ? அமெரிக்காவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த துறவி! மடத்தில் இருந்தபடி கப்பல் ஜன்னல் கண்ணாடிகளைத் தேடிப் பிடித்துத் தேய்த்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் டெலஸ்கோப் பைத்தியமாக அலைகிறார் என்று 1967ல் மடத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். மனுஷர் சான் ஃபிரான்ஸிஸ்கோ பிளாட்பாரத்தில் டெலஸ்கோப்பை வைத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். 2014ல் இறக்கும்போது வயது 98.

விலை இருபத்திரண்டாயிரம். கையில் இருந்தது பஸ் பாஸ். விரலில் இருந்தது மாமனார் கல்யாணத்தில் போட்ட மாப்பிள்ளை மோதிரம், அரைப் பவுன். பவுன் அப்போது 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மதிப்பில் முக்கால் பங்கு வரை அப்போது கடன் கிடைத்தது. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஏதோ எனக்காகவே கணக்குப் போட்டு வைத்த மாதிரி இல்லை?

மனைவி கேட்டதற்கு, "விரல் வீங்கியிருக்கு, கழட்டி வச்சிருக்கேன்" என்றேன். ஏழு மாதமாக ஒரு விரல் வீங்கியே இருந்ததை அவள் எப்படி நம்பினாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டெலஸ்கோப் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. பழக்கம்தான் பிடிபட வேண்டும். முதல் வேலை, மேலே இருக்கிற குட்டி ஃபைண்டரையும் பெரிய குழாயையும் ஒரே இடத்தைப் பார்க்க வைப்பது. பகலில் தூரத்து செல்போன் டவரை வைத்துச் செய்வது சுலபம். (சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. கண் ஒரு விநாடியில் போய்விடும். இது தமாஷ் இல்லை.) பார்ப்பதற்கு அரை மணி முன்பே மாடியில் வைத்துக் குழாயை ஆறவிட வேண்டும். பகலெல்லாம் காய்ந்த மாடித்தரை ராத்திரி எட்டு மணி வரை சூடு கக்கும், அதில் கிரகங்கள் கொதிக்கிற சாம்பார் மாதிரி தளதளக்கும். முதலில் 25 மி.மீ. கண்வில்லை போட வேண்டும். அதில் 26 மடங்குதான், ஆனால் தேடுகிறது கிடைக்கும். கிடைத்த பிறகு 10 மி.மீ., 65 மடங்கு. அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. ஆசைப்பட்டுத்தான் ஒருமுறை பட்டாயிற்றே!

செப்டம்பர் 20. புரட்டாசி முதல் சனிக்கிழமை. மாமனார் பார்த்தசாரதியைச் சேவிக்க வந்து இறங்கிவிட்டார். மறுநாள் மகாளய அமாவாசை, அதனால் நிலாத் தொந்தரவு இல்லை. மழை மேகமும் இல்லை. சனி அந்த வருஷத்திலேயே பூமிக்கு மிக அருகில் இருந்த சமயம். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி ஆறு மாதம் முன்பே ஆகிவிட்டது, வாக்கியப்படி இன்னும் ஆறு மாதம் பாக்கி. டெலஸ்கோப்புக்கு அந்தத் தகராறெல்லாம் கிடையாது. ஒன்பது மணிக்குக் கிழக்கே மஞ்சளாக நின்றதைப் பிடித்து, முதலில் நான் கண்ணை வைத்தேன்.

பகீரென்றது. பெட்டியில் பார்த்த படமே இல்லை. ஒரு மஞ்சள் உருண்டை, குறுக்கே ஊசி குத்தின மாதிரி மெல்லிசாக ஒரு கோடு.

அப்போதுதான் மங்கி கேப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். வளையம் மிக மெல்லிசு. சுமார் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அது தன் விளிம்பை நம் பக்கம் காட்டி நிற்கும். அப்போது வளையம் இருந்தும் இல்லாத மாதிரிதான். 1612ல் கலிலியோவே, முன்பு பார்த்ததைக் காணாமல் குழம்பிப்போனார். அந்த முறை 2025க்கு வந்திருந்தது. ஜோசியம் பேசினது அவர் இல்லை, கேட்டது நான்.

அதற்குள் மாமனார் வேஷ்டியை மடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாயிற்று. கண்ணை வைத்தார். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"மாப்பிள்ளை..."

"சொல்லுங்க மாமா."

"மோதிரம் எங்கே?"

இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அது வந்து மாமா... இருக்கு. இப்ப கண்ணுக்குத் தெரியாது. பதினஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை இப்படி ஆகும். அடுத்த வருஷம் நன்னாவே தெரிய ஆரம்பிச்சிடும்."

"அவர் மோதிரத்தை நான் கேக்கலை" என்றார், கண்ணை எடுக்காமலே.

மாடிப்படியில் மனைவி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் எதற்காகச் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

"தை மாசத்துக்குள்ள மீட்டுடறேன் மாமா."

பவுன் 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. அவர் அதை எடுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் டெலஸ்கோப்பைத்தான் தட்டிக் காட்டினார்.

"ஓரத்துக்கு நகர்ந்துட்டார் பாருங்கோ. பிடிச்சு நடுவுல கொண்டுவாங்கோ."

பூமி சுற்றுவதால் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை அப்படி ஆகும். தள்ளிவிட்டேன். பதினொன்றரை மணி வரை தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன்.