வலது ஓரம்

மோட்டார் சைக்கிள் டயரைப் பற்றி இங்கே எழுதுவதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. நம் எழுத்தில் எந்திரம் வராமல் இல்லை. ஆனால் வந்த மறுகணமே குறியீடாகிவிடுகிறது. நகரத்தின் இரைச்சல், மனிதன் அந்நியமாகிப் போனது என்று ஏதாவது ஒன்றுக்குப் பதிலாள் வேலை பார்த்துவிட்டு வாசல் வழியாகப் போய்விடுகிறது. அதன் கிளட்ச் என்ன செய்கிறது என்பது கவிஞருக்கும் தெரியாது, விமர்சகருக்கும் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியும் எனக்கே தெரியவில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் தெரிந்தது. அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1998 தை மாசக் கடைசி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு எஸ்டியில் வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், தம்பி பின்னால். வடுவூர் தாண்டி வாய்க்காலை ஒட்டி ஒரு வலது வளைவு. எங்கள் பக்கத்துச் சாலைகளைப் போட்டது எஞ்சினியர் அல்ல, தண்ணீர்தான். ஆறும் வாய்க்காலும் எங்கே வளைந்தனவோ அங்கே கரை வளைந்தது, கரை மேல் வண்டித்தடம், வண்டித்தடத்தின் மேல் தார். காரணம் தெரியாமல் வளைகிற சாலையில் எதிரே என்ன இருக்கும் என்பதும் தெரியாது. அறுப்புக் காலத்தில் மட்டும் தெரியும்: நெல் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே போனால் மூட்டையை இறக்க விடமாட்டார்கள். சம்பா அறுப்பு விழுவது பனிக் காலத்தில். களம் போதாது. கறுத்துக் கிடக்கும் தார் நன்றாகச் சுடும். ஆகவே நெல் சாலைக்கு வருகிறது. இதில் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. நானும் சாலையில் நெல் துழாவிய வீட்டுப் பிள்ளைதான்.

வளைவில் சாய்ந்திருந்தபோது பாதிச் சாலைக்கு மஞ்சளாக நெல். அடுத்த நினைவு வானம். வண்டி வலப்பக்கம் விழுந்து தம்பியின் முழங்காலின் மேல் கிடந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அவனுக்கு இரண்டு தடவை அறுவை நடந்தது. கால் நேரானது, மடங்கவில்லை. பந்தியில் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்க அவனுக்கு மட்டும் சுவர் ஓரம் நாற்காலியும் ஸ்டூலும் போடுவார்கள். அப்பா போனபோது சடங்குக்கு அவனால் மணையில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே செய்தான். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒரே வாக்கியம்: “முன் டயர் மொட்டையாகியிருந்தது, வழுக்கிவிட்டது.” டயர் தேய்ந்திருந்தது உண்மை. மாற்றாமல் தள்ளிப்போட்டதும் உண்மை. தம்பியும் அதையே சொன்னான். சில வருஷங்களில் அது எங்கள் வீட்டின் வரலாறாகிவிட்டது. கழற்றிய டயர் கொல்லையில் கிடந்தது. அவன் மகன் நடக்கப் பழகி ஓடப் பழகியபோது, அந்த டயரைத்தான் குச்சியால் தட்டித் தெருவில் உருட்டிக்கொண்டு ஓடினான். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வேண்டாமென்று சொல்லத் தோன்றவில்லை.

அந்தப் பையன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். இரண்டு வண்டி வைத்திருக்கிறான். மாசத்தில் ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருகிறான். பந்தயம் அல்ல, பணம் கட்டினால் சாதாரண ஆட்களும் பந்தயத் தடத்தில் ஓட்டலாம், சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. சென்ற வருஷம், “பெரியப்பா, ஒரு தடவ நீங்களும் வாங்க” என்றான். அவன் அப்பா எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

பந்தயம் எனக்குப் புதிதல்ல. 1984-இல் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது சோழவரத்துக்குப் போயிருக்கிறேன். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. போர் முடிந்து கிடந்த அந்த இடத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் பந்தயம் நடத்தியது. விமானத்துக்குப் போட்ட பாதைக்கு வளைவு தேவையில்லை. அதனால் கூட்டம் பார்க்கப் போனது வேகத்தைத்தான். அதே கிளப் பிறகு பெங்களூர் சாலையில் நிலம் வாங்கிப் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் போட்டு 1990-இல் திறந்தது. அதுதான் இருங்காட்டுக்கோட்டை. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். எந்த வளைவுக்கும் ஆறு காரணமில்லை. ஒவ்வொன்றும் யோசித்து வைத்தது. தடம் என்னைக் கவர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதே வளைவு, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே வளைவு. வாழ்க்கையில் வேறெங்கும் இது கிடைப்பதில்லை. நெல் கிடந்த வளைவு எனக்கு ஒரு தடவைதான் கிடைத்தது.

எனக்கென்று தன்னுடைய பழைய ஆர் 15-ஐத் தயார் செய்திருந்தான். இரண்டு டயரும் புதிது. டயரைப் பற்றி அவன் பேசக் கேட்பது வேறொரு பாஷையைக் கேட்பது போலிருந்தது. மன்னார்குடியில் டயர் வாங்கப் போனால் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை ஆயிரம் ஓடும் என்பது. கடைசிக் கேள்வியும் அதுதான். இவர்கள் கேட்பது ரப்பர் எவ்வளவு மிருது, எத்தனை சுற்றில் சூடேறும் என்று. கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், பிடிப்பு மட்டு. மிருது ரப்பர் தார்ப் பரப்பின் மேடு பள்ளங்களுக்குள் பதிந்து பிடிக்கும், சீக்கிரம் கரைந்து போகும். அதுவும் சூடேறினால்தான் பிடிக்கும். எனவே முதல் சுற்று, இரண்டாம் சுற்றெல்லாம் நிதானம். சூட்டில் காற்றழுத்தம் ஏறும் என்பதற்காக, காலையில் காற்றைச் சில பவுண்டு இறக்கி வைத்தான். முகம் பார்க்கும் கண்ணாடிகளைக் கழற்றினான். ஹெட்லைட்டின் மேல் டேப் ஒட்டினான். பின்னால் வருகிறவனைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம் என்பது அங்கே சட்டம்.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு பந்தய வண்டி நின்றது. அதன் டயரில் ஒரு கோடு, ஒரு பள்ளம் கிடையாது. முழு மொட்டை.

“இது தேஞ்சு போச்சே?” என்றேன்.

“இல்ல பெரியப்பா, இது செய்யறப்பவே இப்படித்தான். பள்ளமெல்லாம் தண்ணிய ஒதுக்குறதுக்கு. காஞ்ச ரோட்டுல பள்ளம் இல்லாம இருந்தாத்தான் ரப்பர் முழுசா தரையில ஒக்காரும்.”

தேய்ந்துபோன தெரு டயரும் இதுவும் ஒன்றல்ல என்றும் அவனே சேர்த்துச் சொன்னான். அதன் ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஆணி குத்தும், வெடிக்கும். நியாயம்தான். ஆனால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். 1998 தை மாசம் மழை இல்லை. சாலை எலும்பு போல் காய்ந்திருந்தது. மொட்டை என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்குத் தம்பி மகனைவிட வயது குறைவு. அவர்கள் பாடத்துக்கெல்லாம் மூலவர் கீத் கோட் என்கிற அமெரிக்கர். 1980-இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கி, 1983-இல் ஒரு புத்தகம் எழுதியவர். மனிதனின் கவனம் என்பது அவன் பையிலிருக்கும் பத்து டாலர் மாதிரி என்பது அவருடைய பிரசித்தமான கணக்கு. பயத்துக்கு ஒன்பது செலவானால் சாலைக்கு மிஞ்சுவது ஒன்று. அமெரிக்கர் கவனத்தையும் டாலரில் எண்ணுகிறாரே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்துத் தடத்தில் என் பை காலியாக இருந்தது.

இருபது நிமிஷம் ஓட்டம். அவன் கொஞ்ச நேரம் பின்னாலேயே வந்தான், பிறகு முன்னால் போய்த் தன் வாலைத் தட்டிக் காட்டினான்: தொடர்ந்து வா. வேலையெல்லாம் வளைவுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்பது பாடம். பிரேக், கியர் எல்லாம் நேராக இருக்கும்போதே. உள்ளே போன பிறகு கண் வளைவின் மறுகோடியில், வலது கை மெல்ல மெல்ல ஆக்ஸிலேட்டரைத் திறந்துகொண்டே. திருவாரூர்த் தேர் மூலை திரும்புவது நினைவுக்கு வந்தது. அதற்கு பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும், முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர் மூலையில் நிற்கலாம், யோசிக்கலாம், மோர் குடிக்கலாம். அந்தத் தேர்க் கண்ணோடுதான் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முன் சக்கரத்துக்கு ஆறடி தூரத்தில் பார்வை. மாடு, வாத்துக்கூட்டம், பள்ளம், நெல் என்று எங்கள் சாலை பழக்கிய கண் அது. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது.

ஓட்டம் முடிந்து வெளியே வந்ததும் பையன் என் வண்டியின் பக்கத்தில் குந்தினான்.

“சார், லெஃப்ட்ல நல்லாப் போறீங்க. ரைட்ல பாதியிலயே ஆக்ஸிலேட்டர மூடிடறீங்க. சில எடத்துல முன் பிரேக்க வேற தொடறீங்க. ஏன் சார்?”

“டயர் பிடிக்குமான்னு ஒரு சந்தேகம்.”

“டயருக்கு ஒண்ணுமில்ல. இங்க பாருங்க.”

பின் டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான், சுட்டது. இடது பக்கம் ஓரம்வரை உரசி மங்கியிருந்தது. வலது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளவென்று புதிதாக, அச்சிலிருந்து வந்தபோதிருந்த ரப்பர் மயிர்கூட உதிராமல் நின்றது. முன் டயரிலும் அப்படியே. வலது வளைவுக்குப் பஞ்சமில்லாத தடம் அது. யாரிடமும் நான் சொல்லாததை இரண்டு டயர்களும் எழுதி வைத்திருந்தன.

பையன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்கினான். டயர் தரையைத் தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை அளவுக்கு மேல் இல்லை. சாய்ந்திருக்கும்போது அந்த உள்ளங்கையின் பலம் பெரும்பாலும் வண்டியைத் திருப்புவதிலேயே செலவாகிறது. வளைவில் முன்னால் 40 பங்கு, பின்னால் 60 பங்கு என்று பாரம் இருந்தால் வண்டி சுகமாகப் போகும். அதற்குத்தான் ஆக்ஸிலேட்டரைத் திறந்துகொண்டே போகச் சொல்வது. பயந்துபோய் மூடினால் பாரம் முன்னால் வந்து விழுகிறது. கூடவே முன் பிரேக்கையும் பிடித்தால், இருக்கிற ஒரு மூட்டை நெல்லை நிலக்காரருக்கும் கடைக்காரருக்கும் ஒரே சமயத்தில் அளக்கச் சொன்ன கதை. கீழே நெல்மணி உருண்டுகொண்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம் (இது நான் சேர்த்துக்கொண்டது, அவன் சொன்னதல்ல).

இத்தனை வருஷம் வராத நினைவு அந்த சாக்பீஸ் கோட்டின் மேல் வந்தது. மஞ்சள் தெரிகிறது, என் வலது கை ஆக்ஸிலேட்டரை அறைந்து மூடுகிறது, நாலு விரலும் பிரேக்கை இழுக்கின்றன. நெல்லின் மேல் ஏறியதால் விழவில்லை, ஏறும்போது நான் செய்ததால் விழுந்தோம். வண்டியை நிமிர்த்தி, எதையும் தொடாமல் போயிருந்தால்? அப்போதும் விழுந்திருக்கலாம். வாய்க்காலில் போயிருக்கலாம். அது வேறு விழுதல்.

மத்தியானம் இரண்டு ஓட்டம் பாக்கி இருந்தது. ஒன்றில் போனேன். வலது ஓரத்தில் ஒரு விரல் அகலம் குறைந்தது. மற்றதற்குப் போகவில்லை, இடுப்பு வலி.

ஊருக்குத் திரும்பி நாலைந்து நாள் கழித்துத்தான் தம்பி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டயர் இல்லை, நான்தான் என்று சொன்னேன். கை செய்ததைக் கையாலேயே காட்டினேன். அவன் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நெல்லப் பாத்ததும் ஒன் தோள இறுக்கிப் புடிச்சேன் அண்ணே. நீ சாஞ்சிருந்த. நான் பயந்துபோயி நிமிந்துட்டேன். அந்த வெட்டுலதான் வண்டி போச்சுன்னு இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டிருக்கேன். நீ டயருன்னு சொன்ன. சரி, டயராவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

என் தோளில் கை விழுந்தது எனக்கு நினைவில்லை. இப்போதும் இல்லை.

உள்ளேயிருந்து காபி வந்தது. அவன் தம்ளரை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு கேட்டான்:

“பய வண்டியப் பாத்தியா? அவன் டயரு எப்படித் தேஞ்சிருக்கு?”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி” என்றேன்.