பிற படகுகள்

கரீபியன் கடலுக்கு நாட்காட்டிகள் இரண்டு. ஒன்று விடுமுறைக்குரியது, மற்றொன்று புயலுக்குரியது. ஆண்டுதோறும் ஜூன் முதல் நாள் தொடங்கி நவம்பர் 30 வரையிலான ஆறு திங்களை அட்லாண்டிக் சூறாவளிக் காலம் என வானிலையாளர் வகுத்துள்ளனர். செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாள்கள் அதன் உச்சம். அமெரிக்க நாட்டினர் குடும்பத்தோடு கோடை விடுமுறைக்குக் கப்பலேறும் மாதங்களும் இதே ஆறு திங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. செப்டம்பரில் பயணக் கட்டணம் தாழ்ந்திருப்பதற்கான காரணங்களுள் புயலச்சமும் ஒன்று. மலிவாகக் கிடைத்த பயணச்சீட்டின் மறுபக்கத்தில், இன்னும் பெயரிடப்படாத ஒரு புயல் காத்திருக்கக்கூடும்.

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஒரு நகரம். நாலாயிரம், ஐயாயிரம் பேர் ஒரே கப்பலில் பயணம் செய்கின்றனர். நீச்சல் குளங்கள், நாடக அரங்குகள், ஓயாது இயங்கும் உணவுக்கூடங்கள் எல்லாம் அங்கே உண்டு. இத்தகைய இன்பப் பயணத்தைப் பற்றி ஆன்மிகச் சிந்தனைக்குரிய ஓர் ஏட்டில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். மனிதன் தன் பாதுகாப்பை எவ்வாறு தேடுகிறான், அந்தத் தேடலில் யாரை நினைக்கிறான், யாரை மறக்கிறான் என்பவற்றைப் புயற்காலத்து உல்லாசக் கப்பலைப்போல் தெளிவாகக் காட்டுவன மிகச் சிலவே. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

சூறாவளி கடலின் வெம்மையை உண்டு வளர்வது. நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய கடலே அதற்குத் தொட்டில். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே பிறக்கும் காற்றுக் குலைவுகளுள் சில, மேற்கு நோக்கி நகர்ந்து, சூறாவளியாக முற்றி, கரீபியன் தீவுகளை அடையப் பல நாள்கள் ஆகின்றன. அதனுள் சுழலும் காற்று மணிக்கு 250 கிலோமீட்டரையும் கடக்கலாம். ஆனால் புயல் இடம்பெயரும் வேகமோ அப்பகுதியில் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 30 கிலோமீட்டர்தான். இன்றைய உல்லாசக் கப்பல் 35 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வல்லது. ஆகவே, தக்க முன்னறிவிப்புப் பெற்ற கப்பல் புயலை விட்டு விலகிவிடலாம். 2017-இல் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று தனக்கென்றே ஒரு வானிலை அறிஞரைப் பணியமர்த்தியது. புயல் கிழக்கே எழுந்தால் கப்பல் மேற்கே திரும்பும்.

கப்பல் நகரும், தீவு நகராது. நாம் இங்கே சொல்ல விழைவது முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

விடுமுறைப் பயணியைப் பொறுத்தவரை, புயல் என்பது பெரும்பாலும் ஓர் அறிவிப்பாக மட்டுமே வந்து சேர்கிறது. சான் ஹுவானைக் காணப் புறப்பட்டவர் கொசுமெல் தீவைக் காண்பார். அல்லது எத்துறையும் காணாமல் கடலையே கண்டு திரும்புவார். வழியை மாற்றும் உரிமையைப் பயண ஒப்பந்தம் கப்பல் தலைவருக்குக் கொடுத்துவிடுகிறது. இறங்காத துறைமுகத்திற்குச் செலுத்திய கட்டணம் திரும்பக் கிடைக்கும். நெடுநாள் வளர்த்த ஆசைக்கு ஈடு கிடைக்காது. சில வேளைகளில் புறப்பட்ட துறைமுகமே மூடப்பட்டுவிடும். 2017 ஆகஸ்டு இறுதியில் ஹார்வி புயல் டெக்சாஸ் மாநிலத்தை வெள்ளக்காடாக்கியபோது, கால்வெஸ்டன் துறைமுகம் அடைக்கப்பட்டது. அங்குத் திரும்பவேண்டிய கப்பல்களுள் சில நியூ ஆர்லியன்ஸ் சென்று உணவுப்பொருள்களை ஏற்றிக்கொண்டு, மீண்டும் கடலிலேயே காத்திருந்தன. பயணிகளுக்கு விடுமுறை சில நாள் நீண்டது. ஆனால் வெள்ளம் சூழ்ந்த அதே மாநிலத்தில் வீடுவாசல் உடையோர்க்கு அந்த நாள்களில் பரிமாறப்பட்ட விருந்து எப்படி இனித்திருக்கும்?

எல்லாப் புயலையும் விலகிச் செல்ல இயல்வதுமில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று நியூ ஜெர்சியிலிருந்து புளோரிடா நோக்கிப் புறப்பட்ட ‘ஆந்தம் ஆஃப் தி சீஸ்’ என்னும் மாபெரும் கப்பல், மறுநாள் ஹட்டராஸ் முனைக்கு அப்பால் குளிர்காலப் புயலில் சிக்கியது. கப்பலில் 4,500-க்கும் மேற்பட்ட பயணிகள். 1,600-க்கும் மேற்பட்ட பணியாளர்கள். காற்று மணிக்கு 160 கிலோமீட்டரைக் கடந்தது. பயணிகள் தத்தம் அறைகளுக்குள்ளேயே இருக்குமாறு பணிக்கப்பட்டனர். பயணம் கைவிடப்பட்டுக் கப்பல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது; கட்டணமும் முழுமையாகத் திருப்பித் தரப்பட்டது.

அறைக்குள் இருங்கள் என்பது பயணிக்கு இடப்படும் கட்டளை. பணியாளருக்கு? நமது பங்கிலிருந்து இத்தகைய கப்பல் ஒன்றின் உணவுக்கூடத்தில் பணியாற்றச் சென்ற இளைஞர் விடுப்பில் வந்திருந்தபோது இதைக் கேட்டோம். புயல் நெருங்குகிறதென்றால் நீச்சல் குளத்து நீரை வடித்துவிடுவார்களாம். மேல்தளத்து நாற்காலிகளை அடுக்கிக் கட்டுவார்களாம். தட்டுகள் வழுக்காதிருக்க மேசை விரிப்பை நனைத்து விரிப்பதும், தலைசுற்றுவோர்க்குப் பச்சை ஆப்பிளும் இஞ்சியும் கொடுப்பதும், வாந்திப் பைகளைப் படிக்கட்டின் கைப்பிடிகளில் செருகி வைப்பதும் அவர்கள் வேலை. “அவங்களுக்குத் தலை சுத்தினா படுத்துக்கலாம் சாமி. எங்களுக்கும் சுத்தும், ஆனா தட்டைக் கீழே வைக்க முடியாது” என்றார். அதில் குறையேதும் தொனிக்கவில்லை. தம் தொழிலின் இயல்பைச் சொல்வதுபோலவே சொன்னார்.

தொழிலின் இயல்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1998-ஆம் ஆண்டு காட்டியது. ‘ஃபான்டோம்’ என்பது நான்கு பாய்மரங்கள் கொண்ட அழகிய உல்லாசக் கப்பல். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அது ஹொண்டுராஸ் கடலில் விடுமுறைப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, மிட்ச் என்னும் சூறாவளி ஐந்தாம் வகைப் பெரும்புயலாக முற்றியது. கப்பல் பெலிஸ் நகருக்கு விரைந்து, பயணிகள் அனைவரையும் பணியாளருள் சிலரையும் கரையிறக்கியது. விடுமுறைக்கு வந்தவர்கள் உயிர் பிழைத்தனர். கப்பலைக் காக்கும் பொருட்டு 31 பேர் அதைக் கடலுக்குக் கொண்டுசென்றனர். வடக்கே செல்ல முயன்று, பின் திரும்பி, ரோவத்தான் தீவின் மறைவில் ஒதுங்க எண்ணினர். முன்னறிவிப்புக்கு மாறாகப் புயல் தெற்கே திரும்பியது. அக்டோபர் 27-இல் கப்பலின் தொடர்பு அறுந்தது. பின்னர்க் கிடைத்தவை உயிர்காப்பு உடைகள் சிலவும் மிதவைகளும் மட்டுமே. 31 பேருள் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் கரீபியன் தீவுகளையும் கயானா, ஹொண்டுராஸ் முதலிய நாடுகளையும் சேர்ந்த எளிய தொழிலாளர்கள். அதே மிட்ச், மழையாலும் மண்சரிவாலும் நடு அமெரிக்காவில் 11,000 பேரளவில் உயிர் கொண்டது.

பயணிகளைக் கரையிறக்கியது குற்றமா? இல்லை, அது கடமை. கரையிறங்கியோர் மகிழ்ந்தது குற்றமா? அதுவும் இல்லை. எனினும் நம் உள்ளத்தில் ஒன்று நெருடுகிறது. ஒரே கப்பலில், ஒரே உணவை உண்டவர்களுள் ஒரு சாராருக்குப் புயல் என்பது கைவிடப்பட்ட விடுமுறை; மறு சாராருக்கு அதுவே முடிவு. நான் தப்பினேன் என்று நன்றி கூறும் நாவு, கப்பலோடு போனவர்களின் பெயரையும் அறிய வேண்டாமா?

இவ்விடத்தில் நற்செய்தியின் ஒரு சிறு குறிப்பு நம் நினைவுக்கு வருகிறது. இயேசு கடலை அடக்கிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். படகில் உறங்கும் ஆண்டவர், அஞ்சி நடுங்கும் சீடர், அலறல், அதட்டல், பேரமைதி. அந்தப் படகு திருச்சபையின் அடையாளம் என்று தெர்த்துல்லியன் காலந்தொட்டே விளக்கம் தரப்படுகிறது. ஆனால் மத்தேயுவும் லூக்காவும் கூறாத ஒன்றை மாற்கு மட்டும் போகிறபோக்கில் கூறுகிறார்: அன்று கடலில் அந்த ஒரு படகு மட்டும் இருக்கவில்லை, அவரோடு வேறு படகுகளும் சென்றன (மாற் 4:36). அப்படகுகளில் யார் இருந்தனர், அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று மாற்கு எழுதவில்லை. விளக்கவுரையாளர் சிலர் இதனை, நேரில் கண்டவரின் நினைவில் எஞ்சிய துணுக்கு என்று சொல்லிக் கடந்துசெல்வர். நம்மால் அவ்வாறு கடந்துசெல்ல முடிவதில்லை. சீடர்கள் தாங்கள் சாவதைப் பற்றி மட்டுமே முறையிட்டனர். ஆண்டவரோ தாம் இருந்த படகை மட்டும் தூக்கி நிறுத்தவில்லை. காற்றையும் கடலையுமே அடக்கினார். கடல் அடங்கினால் அது எல்லாப் படகுக்கும் அடங்கியதே அல்லவா!

பிற படகுகளைத் திரும்பிப் பார்த்த உல்லாசக் கப்பல்களும் உண்டு. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் பார்புடா, செயிண்ட் மார்ட்டின், செயிண்ட் தாமஸ் தீவுகளைச் சிதைத்தது. இரண்டு வாரங்களுக்குள் மரியா புயல் டொமினிக்காவையும் செயிண்ட் குரோயையும் புவர்ட்டோ ரிக்கோவையும் தாக்கியது. புவர்ட்டோ ரிக்கோ முழுவதும் இருளில் மூழ்கியது. மின்சாரம் எல்லா வீட்டிற்கும் திரும்ப ஓராண்டளவு ஆயிற்று. அங்கு மாண்டோர் 2,975 பேர் என அரசு பின்னர் ஏற்றுக்கொண்டது. அந்நாள்களில் ‘அட்வெஞ்சர் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பலின் விடுமுறைப் பயணம் நீக்கப்பட்டு, அது சான் ஹுவானிலிருந்தும் செயிண்ட் தாமஸ், செயிண்ட் குரோய் தீவுகளிலிருந்தும் ஏறத்தாழ 3,800 பேரை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 3 அன்று புளோரிடா சேர்ந்தது. 2019 செப்டம்பரில் டோரியன் புயல் கிராண்ட் பஹாமா தீவின்மீது ஒரு நாளுக்கு மேல் அசையாது நின்று அழித்தபோதும், ‘கிராண்ட் செலிப்ரேஷன்’ என்னும் உல்லாசக் கப்பல் 1,400-க்கும் மேற்பட்டோரை அங்கிருந்து அழைத்துவந்தது.

திருத்தூதர் பவுல் பயணம் செய்த கப்பல் புயலில் உடைந்தபோது, அதிலிருந்த 276 பேரும் மால்தா தீவில் கரையேறினர். மழையிலும் குளிரிலும் நடுங்கிய அவர்களுக்கு அத்தீவினர் தீ மூட்டி வரவேற்பளித்தனர் (திப 27-28). அன்று தீவு கப்பலை ஏற்றது; 2017-இல் கப்பல் தீவை ஏற்றது. வணிக நிறுவனத்தின் செயலில் விளம்பரமும் கலந்திருக்கும் என்று ஐயுறுவோர் ஐயுறட்டும். விருந்தினர் உறங்கிய படுக்கையில் வீடிழந்த ஒரு தாய் தன் குழந்தையோடு படுத்து உறங்கினாள் எனில், அந்த இரவின் நன்மையை எந்த ஐயமும் அழித்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. புயல் ஓய்ந்தபின் கப்பல்கள் வராதிருப்பதே அத்தீவுகளுக்கு இரண்டாம் புயல். வாடகை ஊர்தி ஓட்டுபவர், கைவினைப் பொருள் விற்பவர், துறைமுகத்துக் கூலியாள் ஆகியோரின் அடுப்பு பயணியின் வருகையால் எரிகிறது. 2017 நவம்பரில் செயிண்ட் தாமசுக்கும் சான் ஹுவானுக்கும் உல்லாசக் கப்பல்கள் திரும்பத் தொடங்கியபோது, கூரைகள் பல இன்னும் சீராகவில்லை. ஆயினும் அந்த வருகை ஓர் ஆறுதலாயிற்று. காயப்பட்ட தீவைக் காணச் சென்று, அதன் மக்களிடம் நியாய விலை கொடுத்துப் பொருள் வாங்கி, அவர்கள் துயரைக் கேட்டுத் திரும்பும் பயணியின் விடுமுறை, ஏறக்குறைய ஒரு திருப்பயணம்தான்.

திருச்சபை கடலில் உழைப்போரை மறக்கவில்லை. 1920-இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பட்ட கடல்சார் திருத்தூதுப் பணி இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்னும் பெயரில் துறைமுகங்கள்தோறும் இயங்குகிறது. 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதே பெயரில் ஒரு திருத்தூது மடல் வெளியிட்டு அப்பணியை முறைப்படுத்தினார். ஜூலைத் திங்கள் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது. அன்று திருப்பலியின் பொது மன்றாட்டில் மாலுமிகளோடு, சமையல்காரரையும் படுக்கை விரிப்பவரையும், கப்பல் விலகிச் சென்றபின் புயலை எதிர்கொள்ளும் தீவினரையும் சேர்த்துக்கொண்டால் என்ன?

புயலிலிருந்து தப்பிக்க விழைவது இயற்கை. இறைவன் தந்த உயிரைக் காப்பது கடமையும் ஆகும். எனவே கப்பல் தலைவர் வழியைத் திருப்பட்டும். பயணி நலமாக வீடு சேரட்டும். நமது படகு தப்பியதா என்னும் முதற்கேள்வியை யாரும் நமக்குக் கற்பிக்கத் தேவையில்லை. மற்றப் படகுகள் என்னவாயின என்னும் இரண்டாம் கேள்வியைக் கேட்கவே நமக்கு நற்செய்தி தேவைப்படுகிறது.

அன்று கலிலேயக் கடலில் பிற படகுகளில் இருந்தோர், காற்றை அதட்டிய குரலைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. யார் பொருட்டு, யார் சொல்லால் கடல் அடங்கிற்று என்பதும் அவர்களுக்குத் தெரிந்திராது. அலை ஓய்ந்ததை மட்டும் கண்டிருப்பார்கள். துடுப்பை மீண்டும் கையில் எடுத்திருப்பார்கள்.